அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பதில் உண்மையிலேயே பொருள் இருக்கிறதா, வெறும் சடங்குதானா?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் திருமணம் நிச்சயமான பெண்ணாக இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பொருள் இருக்கிறது. மணமகன் குனிந்து பெண்ணின் வலக்காலைப் பிடித்து அம்மியின்மேல் வைக்கும்போது சொல்லப்படும் மந்திரம், 'இந்தக் கல்லின்மேல் ஏறு, கல்லைப் போல் உறுதியாயிரு, உன்னை எதிர்த்து வருவோரை எதிர்கொண்டு நில்' என்கிறது. கல்லைப் போல் எதையும் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று விளக்கம் சொல்லும் பெரியவர்கள், பின்பாதியை ஏனோ விட்டுவிடுகிறார்கள். நான் வேதம் படித்தவள் அல்லள். என் மகளின் திருமணத்தின்போது பொருள் தெரிந்த சாஸ்திரிகள் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையே சொல்கிறேன்.

அவ்வளவு அக்கறையாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் திருமணத்தில் வைத்தது, மண்டபத்தில் பாத்திரங்களோடு சேர்த்துக் கொடுக்கும், ஒரு சாண்கூட இல்லாத சடங்கு அம்மி. அதையும் ஜமுக்காளத்தின் மடிப்பின்மேல் வைத்துவிட்டார்கள். மேலே மஞ்சள் நீர் வேறு. கால் பட்டதும் அது ஒரு பக்கமாகச் சாய, நான் குனிந்திருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மணமகன் வீட்டுப் பெரியம்மா ஒருவர், "அம்மியே ஆடுகிறதே, குடித்தனம் எப்படி நிலைக்கும்?" என்றார், நாதஸ்வரம் அப்போது பார்த்து நின்றிருந்ததால் முன்வரிசை முழுவதற்கும் கேட்டது. பிறகு பல வருடங்கள், வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் அந்த அம்மியின் பேச்சு வந்தது. ஜமுக்காளத்தை விரித்தவரை மட்டும் இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இவையெல்லாம் தமிழர் சடங்கே அல்ல என்று சண்டைக்கு வருபவர்களோடு எனக்குப் பெரிய வழக்கு இல்லை. அகநானூற்றின் 86ஆம் பாடலில் உளுந்து சேர்த்துச் சமைத்த சோறும், மணல் பரப்பிய பந்தலும், மகனைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுவதும் வருகின்றன. தீயும் அம்மியும் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் தீவலமும் இருக்கிறது, கண்ணகியை அருந்ததியாகிய வடமீனோடு ஒப்பிடுவதும் இருக்கிறது. சட்டமும் அம்மியைக் கேட்பதில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் ஏழடி நடப்பதைக் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் 1967இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, புரோகிதர் இல்லாமல், உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலே போதும். ஆகவே வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். செய்வதானால் வீட்டு அம்மியைக் கொண்டுபோய் வெறுந்தரையில் வையுங்கள்.

அருந்ததியை எனக்குப் பகல் பதினொரு மணிக்குக் காட்டினார்கள். "பார்த்தேன் என்று சொல்லம்மா" என்றார்கள், சொன்னேன். வீட்டுச் சடங்குகளின் முறைகளைச் சொல்லும் பழைய வடமொழி நூல்களான கிருஹ்ய சூத்திரங்களில் இது விண்மீன்கள் தோன்றிய பிறகு செய்வது. முகூர்த்தம் காலையில் முடிந்துவிடுவதால் இதுவும் பகலுக்கு வந்துவிட்டது. எங்கள் திருமணம் வைகாசியில் நடந்தது. அதே மாதம் மின்சாரம் போன ஓர் இரவில், மொட்டைமாடியில் என் கணவர் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் காட்டி, வால் பகுதியின் நடு மீன் வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாகத் தெரிகிறதே அதுதான் அருந்ததி என்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்ததில், சிறு புள்ளியாகத் தெரிந்தது.