திட்டியது வேறு, வீட்டு எண்ணைப் போட்டது வேறு

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக் தமிழர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, இருநூறு பேருக்கு மேல். பொருள், சேவை வரி கூடியபிறகு செலவு தாங்கவில்லை, செலவுக்கு உதவியாக அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு அதற்கு ஈடாகாது என்று எழுதினேன். ஒரு பெரியவர் தம் குடும்பக் கணக்கைச் சொல்லி மறுத்தார். இன்னொருவர் “நன்றி கெட்டவள்” என்று ஆரம்பித்து, அப்புறம் என் வீட்டு வாசல் படத்தையும் எண்ணையும் போட்டு, “நேரில் போய்க் கேளுங்கள்” என்றார். 400 வெள்ளி கொடுத்தால் வக்கீல் கடிதம் அனுப்பி அவர் கணக்கையே முடக்கித் தருவதாகத் தெரிந்தவர் சொல்கிறார். கொடுக்கலாமா? இனி அரசியலே பேசக்கூடாதா?

பதில்: கொடுக்காதீர்கள். இப்படிப் பணத்தைக் கொடுத்து ஏமாந்த பிறகுதான் பலர் என்னிடம் வருகிறார்கள். “எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது” என்பவரை நம்பவே நம்பாதீர்கள். ஒரு தாதி கொண்டுவந்த ‘வக்கீல் கடித’த்தைப் பார்த்தேன். மேலே தராசுப் படம், கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. சட்ட நிறுவனத்தின் பெயரும் இல்லை, வழக்கறிஞர் பெயரும் இல்லை. வழக்கறிஞர் அல்லாதவர் அப்படிக் காட்டிக்கொண்டு காசு வாங்குவதே இங்கே குற்றம். கணக்கை முடக்குவது வாட்ஸ்அப் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதற்குப் புகார் செய்யக் காசு வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். “நன்றி கெட்டவள்” என்ற ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போகாதீர்கள், அலைச்சல்தான் மிஞ்சும். வீட்டு எண் அப்படியில்லை. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்தது. ஒருவரைத் தொல்லைப்படுத்த அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதை 2019இல் அதில் குற்றமாகச் சேர்த்தார்கள். 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஒன்றை மட்டும் நிதானமாகப் படியுங்கள், பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். எண்ணைப் போட்டாலே குற்றம் ஆகிவிடாது. “பொங்கல் பானை அந்த அக்கா வீட்டில் இருக்கிறது, இந்த எண்ணில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் எழுதினால் அது குற்றமில்லை. அதே எண், அதே குழு. ஆனால் உங்களை அலைக்கழிக்கும் நோக்கம் இல்லை. உங்கள் விஷயத்தில் அந்த நோக்கத்தைக் காட்டுவது “நேரில் போய்க் கேளுங்கள்” என்ற வரி. அதனால் படத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். முன்னும் பின்னும் உள்ள செய்திகள், தேதி, அவர் தொலைபேசி எண் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போலிஸில் புகார் கொடுங்கள். 2021 ஜூன் முதல் இதற்கென்றே தனி நீதிமன்றம் இயங்குகிறது. வழக்கறிஞர் இல்லாமலே பாதுகாப்பு ஆணை கேட்டு மனு செய்யலாம்.

வழி இருக்கிறது என்று சொல்லும்போதே எனக்குக் கோபமும் வருகிறது. ஒரு கவுண்டரில் “இது சிவில் விவகாரம்” என்பார்கள், அடுத்ததில் “போலிஸ் புகார் எங்கே” என்பார்கள். பொய்ச் செய்தி என்று கண்டால் திருத்தச் சொல்லி உத்தரவிட அமைச்சருக்கு 2019 முதல் பொஃப்மா என்ற சட்டம் இருக்கிறது. ஆனால் விலைவாசி பற்றி நாலு வரி எழுதிய பெண், வாசலில் யார் வந்து நிற்பாரோ என்ற பயத்தோடு மனு எழுதிக் காத்திருக்க வேண்டும். இது நியாயமே இல்லை.

அரசியல் தாராளமாகப் பேசுங்கள். வரி 2023இல் 8 விழுக்காடானது, 2024இல் 9 ஆனது, என் வீட்டுக்குப் பாரம் என்பது உங்கள் கருத்து. “இன்னார் காசு அடித்தார்” என்பது குற்றச்சாட்டு. ஆதாரம் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். பகிர்வதிலும் கவனம் வேண்டும். 2018இல் லியோங் சே ஹியான் என்ற வலைப்பதிவர் ஒரு கட்டுரையின் இணைப்பை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார், தம் சொல் ஒன்றையும் சேர்க்கவில்லை. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தொடுத்த அவதூறு வழக்கில் 133,000 வெள்ளி கொடுக்கும்படி 2021இல் தீர்ப்பானது. “நான் எழுதவில்லை, அனுப்பினேன்” என்பது அங்கே எடுபடாது. கோபத்தில் அந்த ஆளின் வேலையிடத்தையோ படத்தையோ பதிலுக்குப் போட்டுவிடவும் வேண்டாம். நீங்களும் அதே சட்டத்தில் மாட்டுவீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து முடித்தபிறகு, குழு நிர்வாகியிடம் அந்தப் படத்தை நீக்கச் சொல்லுங்கள். குழுவை விட்டு வெளியேறாதீர்கள். கணக்குச் சொல்லி மறுத்த பெரியவருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே. இன்னும் சொல்லவில்லை என்றால், உங்கள் மளிகை ரசீதோடு அவருக்கு எழுதுங்கள்.