ஸ்கேன் செய்துவிட்டால் பழைய தாள்களைக் கழித்துவிடலாமா?

கேள்வி: எங்கள் நூலகத்தில் நூறாண்டுக்கு முந்தைய செய்தித்தாள்கள் சுமார் 10,000 பக்கம் உள்ளன. தொட்டாலே நொறுங்குகின்றன. ஸ்கேன் செய்துவிட்டு அசலைக் கழித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து கழிக்காதீர்கள். ஒரு பக்கம் மங்கியோ ஓரம் வெட்டுப்பட்டோ பதிவாகியிருப்பது பல வருஷம் கழித்துத்தான் தெரியவரும். அப்போது மறுபடி எடுக்க அசல் வேண்டும்.

தாள் நொறுங்குவதற்கான காரணம் தாளுக்குள்ளேயே இருக்கிறது. மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளும், மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் அமிலத்தை உண்டாக்கி நார்களை அறுக்கின்றன. சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். அறையில் ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம், வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ஏசியைப் பகலில் ஓடவிட்டு இரவில் அணைப்பதும் கெடுதல்தான். ஏற்ற இறக்கத்தில் தாள் விரிந்து சுருங்கும்.

கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது. பசை உள்ளே இறங்கிப் பழுப்பாகிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம்: பிரிக்கவும் முடியாது, அமிலமும் உள்ளேயே அடைபடும். அமிலமற்ற உறையில், மடிக்காமல் கிடத்தி வையுங்கள்.

பைண்டிங் செய்த தொகுதிகளை ஸ்கேனர் கண்ணாடிமேல் கவிழ்த்து அழுத்தினால் முதுகு முறியும். மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனரே வேண்டும். அங்குலத்துக்கு 400 புள்ளி, முழு வண்ணம், சுருக்காத டிஃப் (TIFF) படக்கோப்பு. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய எழுத்தும் கறையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஏ4 பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 46 எம்பி ஆகும். ஏ2 அளவுத் தாளுக்கு 186 எம்பி. 10,000 பக்கமும் ஏ2 என்றால் 1.9 டிபி. வாசகர்களுக்கு இந்த டிஃப் தேவையில்லை, அதிலிருந்து எடுத்த பிடிஎஃப் போதும்.

ஸ்கேன் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு ஊரில். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை (கோப்பிலிருந்து கணக்கிடும் எண், கோப்பு மாறினால் இதுவும் மாறும்) முதல் நாளே பதிந்து, ஆண்டுக்கொரு முறை ஒப்பிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் கோப்பு சத்தமில்லாமல் கெடும். ஒப்பிடாவிட்டால் கெட்டதையே மூன்று இடத்திலும் பிரதியெடுத்து வைத்திருப்பீர்கள்.

கோப்பின் பெயரில் இதழ், ஆண்டு-மாதம்-நாள், பக்கம் மூன்றும் வரட்டும். பட்டியலில் கிடைக்காத இதழ்களையும் ‘இல்லை’ என்று குறித்துவிடுங்கள். குறிக்காவிட்டால், அந்த நாளில் இதழே வெளிவரவில்லை என்று ஆய்வாளர் முடிவுகட்டிவிடுவார்.