தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்காதீர்கள்
செல்லப்பிராணி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நாட்டு நாய் மணிக்கு 11 வயது, எடை 18 கிலோ. இரண்டு மாதமாகத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துவிட்டு ஹாலிலேயே மூத்திரம் போனான். வயசாகிவிட்டது என்று நினைத்து, ராத்திரியில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டோம். போன மாதம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வாந்தி எடுக்க ஆரம்பித்தான், வாயிலும் ஒரு நாற்றம். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 5.8 இருந்தது, மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிய பிறகு 3.6. தெம்புக்காகப் பாலும் ஈரலும் கொடுக்கிறேன். கொழுந்தனார் சிறுபீளைக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். மனிதர்களுக்கு மாதிரி டயாலிசிஸ் செய்ய முடியாதா டாக்டர்? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் கிண்ணம். தப்பு உங்கள்மேல் மட்டும் இல்லை, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்துவிட்டு வருகிறார்கள். நிறைய குடிப்பதால் நிறைய மூத்திரம் போகிறான் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் நடப்பது தலைகீழ். கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு மூத்திரத்தைச் சுண்டவைக்கத் தெரியாது, உடம்பில் இருக்கும் நீரை அப்படியே வெளியே விட்டுவிடும். அதை ஈடுகட்டத்தான் அவன் குடிக்கிறான். கிண்ணத்தை எடுத்துவிட்டால் மூத்திரம் குறையாது, உடம்புதான் வற்றும், கிரியேட்டினின் இன்னும் ஏறும். வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் இருக்கட்டும். ஹாலில் பழைய சாக்கு, பழைய வேட்டி எதையாவது விரித்துவிடுங்கள், ராத்திரி ஒரு தடவை எழுந்து வெளியே கூட்டிப் போங்கள். வேறு வழியில்லை.

இன்னொன்று, அந்த 5.8-ஐ நினைத்துக்கொண்டே இருக்காதீர்கள். அது வற்றிப்போன உடம்பில் எடுத்த கணக்கு. நீர் ஏற்றிய பிறகு வந்த 3.6-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், அது சிறுநீரக நோயின் நான்கு கட்டங்களில் மூன்றாவது (2.9 முதல் 5 வரை). சிறுநீரகத்தில் முக்கால்வாசி போன பிறகுதான் இந்த எண்ணே ஏற ஆரம்பிக்கும் என்பதால், திரும்பப் பழையபடி ஆகாது. ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். இந்த நிலையில் சில மாதத்தில் போன நாயும் உண்டு, ஒரு வருடத்தைத் தாண்டி ஓடிய நாயும் உண்டு.

பாலையும் ஈரலையும் இன்றோடு நிறுத்துங்கள். எலும்பு, கருவாடு, முட்டை மஞ்சள்கருவும் வேண்டாம். எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் அதிகம், கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது, ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து மீதியையும் கெடுக்கும். சிறுநீரக நோய்க்கென்றே விற்கும் உணவு விலை அதிகம்தான், முடிந்தால் அதுதான் நல்லது. ஆனால் குமட்டல் இருக்கும்போது அதை நீட்டாதீர்கள். குமட்டலோடு சேர்த்து அந்த வாசனையை நாய் ஞாபகம் வைத்துக்கொள்ளும், அப்புறம் ஜென்மத்துக்கும் தொடாது. வாந்திக்கு மருந்து கொடுத்து, பசி வந்த பிறகு பழைய சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். அதுவரை குழைந்த சாதம், வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் நெய். மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்றால் சத்து குறையும், என்ன சேர்க்க வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பாஸ்பரஸைக் கட்டும் மருந்து எழுதியிருந்தால் சாப்பாட்டோடு பிசைந்துதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வீண்.

கஷாயம் வேண்டாம். கொழுந்தனார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மூத்திரத்தைப் பெருக்கும் எதுவும் மணிக்கு எதிரி, அவனுக்கு அது ஏற்கெனவே பெருகித்தான் இருக்கிறது.

வீட்டிலேயே தோலுக்கு அடியில் சலைன் ஏற்றக் கற்றுக்கொள்ளுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, அதற்குள் ஊசியைச் செருகி விடுவது, அவ்வளவுதான். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் குளிராது. ஏற்றியதும் ஒட்டகத் திமில் மாதிரி வீங்கும், சில சமயம் முன்னங்காலுக்கு இறங்கும், சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும், பயப்படாதீர்கள். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், இதயக் கோளாறு இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் இப்படி ஏற்றவே கூடாது.

டயாலிசிஸ் நாய்க்கும் உண்டு, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் செய்கிறார்கள். ஆனால் அது எலிக்காய்ச்சல், விஷம் என்று திடீரென்று சிறுநீரகம் நின்றுபோன நாய்க்கு, அது தேறி வரும்வரை நேரம் வாங்கிக் கொடுப்பதற்கு. மணி மாதிரி மெல்ல மெல்லத் தேய்ந்த சிறுநீரகத்துக்கு அதற்காக அவனை அவ்வளவு தூரம் அலையவிட நான் சொல்ல மாட்டேன். அந்தக் காசில் ரத்த அழுத்தமும், மூத்திரத்தில் புரதம் போகிறதா என்பதும் பார்த்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டுமே இல்லை, இரண்டுக்குமே மாத்திரை இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்களுக்கும் இப்படிப் புரதம் போவது உண்டு, அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: நாய் நொண்டுகிறது என்று அப்பாவின் டைக்ளோஃபெனாக் மாத்திரை ஒன்று கொடுத்தேன். தொடர்ந்து கொடுக்கலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. இன்றைக்கே டாக்டரிடம் போங்கள், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும் சுரப்புகளையே இந்த மாத்திரை அடக்கிவிடும், குடலிலும் புண் வரும். மாட்டுக்குப் போட்ட இதே மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது, அதனால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். இப்யூபுரூஃபனும் வேண்டாம். பாயசத்தில் போடும் உலர்திராட்சையும்தான், அதுவும் நாயின் சிறுநீரகத்தை நிறுத்திவிடும்.

கேள்வி: 13 வயது பொமரேனியன், சிறுநீரக நோயில் கடைசிக் கட்டம் என்கிறார்கள். ஊசி போட்டுத் தூங்க வைக்க எப்போது முடிவு எடுப்பது? மனசு வரவில்லை. – வாசகி, கோவை

பதில்: காலண்டரில் தினமும் ஒரு குறி போடுங்கள். தானாகச் சாப்பிட்டதா, வாந்தி எடுக்காமல் இருந்ததா, நீங்கள் கதவைத் திறந்தபோது தலையைத் தூக்கிப் பார்த்ததா, எழுந்துபோய் மூத்திரம் இருந்ததா. நல்ல நாளுக்கு ஒன்று, கெட்ட நாளுக்கு ஒன்று. மருந்து கொடுத்தும் கெட்ட நாள்கள்தான் அதிகம் என்று அந்தத் தாள் காட்ட ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது. மூச்சுத் திணறி, வலிப்பு வந்து, நடுராத்திரியில் ஆஸ்பத்திரியைத் தேடி ஓடும் நிலைவரை காத்திருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கருணைக்கொலை என்ற வார்த்தை பயமுறுத்துகிறது, ஆனால் நடப்பது மயக்க மருந்து. முதலில் மயங்கவைக்கும் ஊசியைப் போடச் சொல்லிக் கேளுங்கள், வீட்டுக்கு வர முடியுமா என்றும் கேளுங்கள், அது படுக்கும் துணியிலேயே இருக்கட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். 'ஊருக்கு அனுப்பிவிட்டோம்' என்று சொல்லி வைத்த ஒரு வீட்டில், அந்தப் பையன் ரொம்ப நாள் தெருவில் வெள்ளையாக எந்த நாய் போனாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.