மூட்டுவலி உள்ள அம்மாவோடு மேலூர்ப் பக்கம் எங்கே நடக்கலாம்?

கேள்வி: பொங்கலுக்கு மேலூரில் உள்ள மாமனார் வீட்டில் ஐந்து நாள் தங்குகிறோம். எட்டு வயது மகளையும் 63 வயது அம்மாவையும் காலையில் இயற்கை பார்க்க அழைத்துப்போக ஆசை. அம்மாவுக்கு மூட்டுவலி. மலையேற்றம் வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். எங்கே போகலாம்?

பதில்: நல்ல நேரத்தில் போகிறீர்கள். மேலூர் பெரியாறு கால்வாயின் ஒருபோக பாசனப் பகுதி, அதாவது ஆண்டுக்கு ஒரு விளைச்சலுக்குத் தண்ணீர் பெறும் பகுதி. கால்வாய்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் கைகொடுத்த வருஷம் என்றால், பொங்கல் சமயத்தில் கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும், வயலில் நெல் நிற்கும். காலை வெயிலும் சுடாது. ஏப்ரலில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

முதல் காலையை அரிட்டாபட்டிக்கு ஒதுக்குங்கள். அதையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள் என்பது அரசு தரும் கணக்கு. இந்த எண்ணிக்கைகளுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மொட்டைப் பாறையில் விழும் மழை வழிந்து இறங்கி, கொஞ்சம் சுனையில் தங்கி, மீதி கண்மாய்க்கு வந்து, மடை வழியாக வயலுக்குப் போகிறது. இந்த வழியைத் தலைகீழாக, வயலில் தொடங்கி பாறை வரை நடந்து பாருங்கள். மகளுக்குப் பாடப்புத்தகம் சொல்லாதது புரியும்.

கண்மாய்க் கரை சமதளம் என்பதால் அம்மா அங்கே சிரமமில்லாமல் நடக்கலாம். நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், மீன்கொத்தி எல்லாம் கரையிலிருந்தே கண்ணில் படும். ஆனைகொண்டான் கண்மாய் எது என்று ஊரில் கேட்டால் காட்டுவார்கள். அப்புறம் குடவரைக் கோயில். முற்காலப் பாண்டியர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த சிறிய சிவன் கோயில் அது. சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம், தமிழ்நாட்டில் அரிதானது, அங்கே இருக்கிறது. அம்மா அங்கே உட்கார்ந்து இளைப்பாறட்டும்.

நீங்களும் மகளும் சமணர் குகைத்தளத்தைப் பார்த்துவிட்டு வரலாம். 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான தமிழி (தமிழ் பிராமி) எழுத்து அங்கே பாறை நெற்றியில் இருக்கிறது. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் குகையைக் கொடுப்பித்த செய்தி அது. எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவ வேண்டாம். காலைச் சாய்வெயிலில் கைப்பேசிப் படமே தெளிவாக வரும்.

செங்குத்துப் பாறைகளைத் தொலைவிலிருந்து பாருங்கள். லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு ஆகிய மூன்றும் இந்தக் குன்றுகளில் உண்டு. குளிர்காலம் அவை கூடு கட்டும் காலம். கத்தினாலோ டிரோன் பறக்கவிட்டாலோ கூட்டை விட்டு எழுந்துவிடும். பாறை இடுக்கில் மலைத்தேனீக் கூடு கண்ணில் பட்டால் பேச்சைக் குறைத்து விலகிவிடுங்கள். அன்றைக்கு சென்ட் பூசிக்கொள்ள வேண்டாம். புகையும் ஆகாது.

ஊரில் இறங்கியதும் பெரியவர் ஒருவரிடம் வந்த காரியத்தைச் சொல்லிவிடுங்கள். 2024-இல் இந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதை எதிர்த்து இந்தச் சுற்றுவட்டார மக்கள் மதுரை வரை பேரணியாகப் போனார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. புது முகங்களை அவர்கள் விசாரிப்பது நியாயம்தான். பேச்சுக் கொடுத்தால் எந்தச் சுனையில் தண்ணீர் கிடக்கிறது என்பது வரை சொல்வார்கள்.

இன்னொரு நாள் திருப்பத்தூர் சாலையில் கீழவளவு போங்கள். பஞ்சபாண்டவர் மலை என்று கேளுங்கள். ஏற்றம் குறைவு. அங்கேயும் சமணப் படுக்கைகள் உண்டு. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் செய்துகொடுத்த பள்ளி (துறவிகள் தங்குமிடம்) என்று சொல்லும் அந்தத் தமிழிக் கல்வெட்டில் சில எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும். மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரைமணி நேரம் போவதே தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் கைவிட்ட கல்குவாரிப் பள்ளங்கள் நிறைய. பச்சைத் தண்ணீர் அழகாக இருக்கிறதென்று ஓரத்துக்குக்கூட போகவிடாதீர்கள். ஆழம் தெரியாது, விளிம்பும் பிடிப்பில்லாதது.

காட்டு நிழல் வேண்டுமென்றால் அழகர்கோவில். கீழிருந்து பழமுதிர்சோலைக்குத் தார்ச்சாலையில் நடந்தே ஏறலாம். மூட்டுவலிக்காரர்கள் வண்டியில் ஏறி நடந்து இறங்குவது வழக்கம். அதை மாற்றச் சொல்கிறேன். இறங்கும்போதுதான் முட்டியில் பாரம் அதிகம் விழும். அம்மா முடிந்த தூரம் மெதுவாக நடந்து ஏறட்டும், திரும்பும்போது வண்டியில் வரட்டும். குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டாம்.

மாங்குளம் குன்றை இந்த முறை விட்டுவிடுங்கள். பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த கல்வெட்டு உள்ள பெருமைக்குரிய இடம், ஆனால் ஏற்றம் கடினம். அம்மாவைக் கீழே தனியாக உட்கார வைத்துவிட்டுப் போவது சரியல்ல.

காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம். ரப்பர் அடி போட்ட ஷூ போதும், வழுவழுப்பான செருப்பு ஆகாது. முந்தைய இரவு மழை பெய்திருந்தால் பாறை ஏறவே வேண்டாம், பாசி படிந்த இடம் காலை வாரிவிடும். அன்றைக்குக் கண்மாய்க் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புல் மூடிய இடத்தை விட்டு ஆள் நடக்கும் தடத்திலேயே போங்கள், பாம்புகள் உண்டு. அம்மாவுக்கு ஒரு கம்பு கொடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். சுனை நீர் ஆடுமாடுகளுக்கும் பறவைகளுக்கும் உரியது, அதில் கை கால் கழுவ வேண்டாம் என்று மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.