லெனேசியா அடுக்குமாடி வீட்டில் நிலவெப்பப் பம்ப் போடலாமா?

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்கை ஒட்டிய லெனேசியாவில், பதினாறு ஃபிளாட் உள்ள உங்கள் கட்டடத்தைச் சூடாக்க நிலவெப்பப் பம்ப் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, மண்ணிலிருந்து எடுத்து வீட்டுக்குள் கொண்டுவருகிறது. ஜோகன்னஸ்பர்கில் ஜூலை இரவு உறைநிலையைத் தொட்டாலும் பத்து மீட்டர் ஆழத்தில் மண் குளிர்வதில்லை. அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கிறது. சாதாரண ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான்.

உங்கள் ஊரில் சிக்கல் மண்ணில்தான். லெனேசியாவின் பல பகுதிகளுக்கு அடியில் தண்ணீரில் மெல்லக் கரையும் டோலமைட் பாறை. தண்ணீர் கசிந்து இறங்கினால் நிலம் திடீரென உள்வாங்கலாம். மண்ணின் வெப்பத்தை எடுக்கும் குழாய்களுக்காக நூறு மீட்டர் துளை போடுவதற்கு முன் நிலவியல் ஆய்வு கட்டாயம் வேண்டும். மலிவாகத் தோண்டித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். நிலம் எல்லாருக்கும் பொது என்பதால் ஃபிளாட் உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பான பாடி கார்ப்பரேட்டின் தீர்மானமும் தேவை.

அப்புறம், நம் நாட்டு ஃபிளாட்களில் பெரும்பாலும் ரேடியேட்டரே (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் கருவி) கிடையாது. வெந்நீரைச் சுற்றவிட வீடுவீடாகத் தரையை உடைத்துக் குழாய் பதிக்க வேண்டும். சில மாதக் குளிருக்காக இதெல்லாமா? என்னைக் கேட்டால், கூரைக்கு இன்சுலேஷன் போட்டு, கீசருக்குக் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்ப் வாங்குங்கள்.