பொடி நகை வாங்குபவர்களுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கும் பெண் நான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் தண்ணீரில் இறங்குவோம். வீட்டுச் செலவு போக, நல்ல மாதத்தையும் மோசமான மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் 2,000 ரூபாய் கையில் நிற்கிறது. வீட்டில் குண்டுமணித் தங்கம் இல்லை. மகளுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை கிராமில் கம்மல், மூக்குத்தி என்று வாங்கிக்கொண்டே வரலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. தங்கம் சேர்க்கும் எண்ணம் நல்லது. அரை அரை கிராமாக வாங்கும் வழியில்தான் உங்கள் உழைப்புக் காசு கரைந்துபோகும்.

தங்கத்தின் விலை தினமும் மாறுவதால், கணக்குக்காக 22 காரட் ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கடைக்குப் போகும் அன்றைக்கு அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அரை கிராம் கம்மலில் தங்கம் 5,000 ரூபாய். நகை சிறுத்தால் சேதாரம் பெருக்கும். பொடி நகைக்கு 20 சதவீதம் போட்டால் அது 1,000 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 180 ரூபாய். ஆக 6,180. இப்படி வருடத்துக்கு நான்கு தடவை வாங்கினால் 24,720 ரூபாய் போய், பெட்டியில் இருப்பது 2 கிராம்.

அதே பணத்தைச் சேர்த்து வைத்து, வருடக் கடைசியில் கல் இல்லாத வெறும் மோதிரம் ஒன்று 2.1 கிராமில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தங்கம் 21,000. வேலைப்பாடு இல்லாத மோதிரத்துக்குச் சேதாரம் 8 சதவீதம் என்றால் 1,680. ஜி.எஸ்.டி. 680. தங்கத்தின் தரத்தைச் சோதித்துப் போடும் ஹால்மார்க் முத்திரைக்குக் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாய், அதற்கு வரி தனி. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 23,400 ரூபாய். தங்கமும் கூட, செலவும் குறைவு. சேதாரம் கடைக்குக் கடை மாறும், ஆனால் சின்னதுக்கு அதிகம், வேலைப்பாடு இல்லாததுக்குக் குறைவு என்பது எங்கும் ஒன்றுதான். இரண்டு கடையிலாவது சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் குறைப்பார்கள்.

நான் 2.1 கிராம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஜூன் முதல் மாவட்டம் மாவட்டமாக ஹால்மார்க் கட்டாயமாகி வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், எச்.யூ.ஐ.டி. என்கிற ஆறு எழுத்து-எண் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயமே கிடையாது. ஏழைகள் வாங்குவது பெரும்பாலும் 2 கிராமுக்குள்தான். பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறவர்களின் நகைதான் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. இது எனக்கு ஆறாத வருத்தம். அதனால் 2 கிராமைத் தாண்டி வாங்குங்கள். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்கும் சிறு கடைகளுக்கும் விலக்கு உண்டு. அப்படிப்பட்ட கடையானால் முத்திரை போட்ட நகை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள்.

நகையில் மூன்று அடையாளம் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, 22 காரட்டைக் குறிக்கும் 916, அந்த ஆறு இலக்கக் குறியீடு. வெறும் கண்ணுக்குத் தெரியாது, உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள். மகளிடம் போன் இருந்தால் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்தக் குறியீட்டை அடிக்கச் சொல்லுங்கள். எந்த வகை நகை, என்ன தரம், எங்கே சோதித்தது என்று வரும். கையில் இருப்பது மோதிரம், செயலி கம்மல் என்று காட்டினால் பணத்தைக் கொடுக்காமல் எழுந்துவிடுங்கள். ‘கேடிஎம் நகை’ என்று சொல்லி விற்றால் மயங்க வேண்டாம். கேட்மியம் வைத்துப் பற்றவைத்த நகை என்பதுதான் அதன் பொருள், அது தரச் சான்று ஆகாது.

சேர்ப்பதற்குள் விலை ஏறிவிடாதா என்று கேட்பீர்கள். ஏறலாம். ஆனால் மேலே போட்ட கணக்கில் கிராமுக்கு 1,200 ரூபாய் மிச்சமாகிறது. விலை ஏற்றத்தில் ஒரு பங்கை அதுவே தாங்கும். அதற்கும் மேலே போனால் இன்னும் ஓரிரு மாதம் சேர்த்து வாங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நாற்பத்தைந்து நாள் பாசி எடுக்காமல் நிறுத்துகிறீர்கள். மாதாமாதம் கட்ட வேண்டிய ஆர்.டி. சேமிப்பில் சேர்ந்தால் அப்போது தவணை தவறும். அஞ்சலகத்தில் 500 ரூபாயில் தனிச் சேமிப்புக் கணக்கு திறந்து, முடிந்த மாதம் முடிந்ததைப் போடுங்கள். ஏ.டி.எம். கார்டு வாங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் எல்லோரும் நகைக்கடையில் மாதம் 1,000 ரூபாய் சீட்டுக் கட்டுகிறார்கள். பதினோரு மாதம் கட்டினால் சேதாரம் இல்லை என்கிறார்கள். நம்பலாமா? (கீழக்கரை)

பதில்: நல்ல கடையாக இருந்தால் லாபம்தான். ஆனால் அது வங்கிப் பணம் போலக் காப்பீடு உள்ள பணமில்லை. கடை மூடினால் வரிசையில் கடைசியில் நிற்பது நீங்கள். தமிழ்நாட்டில் அப்படி நின்றவர்கள் நிறைய. அதனால் இருக்கும் சேமிப்பு முழுவதையும் சீட்டில் போடாதீர்கள்.

சேரும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். கட்டும் பணம் பணமாகவே நிற்குமா, மாதாமாதம் அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைப்பார்களா? கிராம் கணக்கு என்றால் விலை ஏறினாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. அடுத்து, சேதாரம் எத்தனை சதவீதம் வரை தள்ளுபடி? ‘சேதாரம் இல்லை’ என்று வாயால் சொல்வார்கள், அட்டையின் பின்பக்கம் ‘18 சதவீதம் வரை’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு மேல் சேதாரம் உள்ள நகையைக் கை காட்டினால் மீதி உங்கள் தலையில். இடையில் விலகினால் என்ன கிடைக்கும் என்பதையும் அட்டையிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1.4 கிராம் கம்மல் 916 என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் தரம் குறைவு என்கிறார்கள். கையில் இருப்பது எடை எழுதிய துண்டுச் சீட்டு மட்டும். பில் போடாவிட்டால் வரி மிச்சம் என்றார்கள், சரி என்றுவிட்டேன். (தொண்டி)

பதில்: உங்களைக் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவும் இப்படித்தான் ஒரு கல் கம்மலைத் துண்டுச் சீட்டில் வாங்கினார். மீட்க முடியாமல் விற்கப் போனபோதுதான் கல்லையும் உள்ளே அடைத்த அரக்கையும் தங்க விலைக்கு வாங்கியிருந்தது தெரிந்தது. அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

கிராம் 10,000 என்ற அதே கணக்கில், 15 சதவீதச் சேதாரத்தோடு உங்கள் கம்மலுக்கு வரி 483 ரூபாய். அந்தத் தொகையை மிச்சம் பிடிக்கச் சொல்லி, கேள்வி கேட்கும் உரிமையையே உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு முத்திரை கட்டாயமில்லாதபோது பில் ஒன்றுதான் சாட்சி. அதில் மொத்த எடை, கல் நீக்கிய எடை, காரட், சேதாரம், வரி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இப்போதும் வழி உண்டு. மதுரை போன்ற ஊர்களில் பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் யாரும் தங்கள் நகையைக் கொடுத்துச் சோதிக்கலாம், நான்கு நகை வரை 200 ரூபாய். அந்தச் சான்றோடு கடைக்குப் போங்கள். மசியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். கூகுள் பேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்த விவரம், துண்டுச் சீட்டில் கடைக்காரர் கையெழுத்து, எல்லாமே உதவும், எதையும் கிழிக்க வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். முத்திரை போட்ட நகையாக இருந்து தரம் குறைந்திருந்தால், குறைந்த மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்க விதி இருக்கிறது.

கேள்வி: போனில் 10 ரூபாய்க்குக்கூடத் தங்கம் வாங்கலாம் என்கிறார்களே? (ராமேஸ்வரம்)

பதில்: வாங்கும்போதே 3 சதவீதம் வரி போகும். விற்கும் விலை வாங்கும் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். இந்த டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்தது. நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: விசைப்படகில் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் எப்படியும் அடகு வைக்க வேண்டிவரும். அதற்காகவே கொஞ்சம் தங்கம் வாங்குகிறேன். சேதாரம் குறைவு என்பதால் காசாக வாங்கவா? (மண்டபம்)

பதில்: அடகுக்காக என்று தெரிந்தே வாங்குவதால் சொல்கிறேன், தங்கக் காசு வேண்டாம் தம்பி. விற்பதற்குக் காசு நல்லது, அடகுக்கு நகை அளவுக்கு உதவாது. வங்கிகள் காசை ஈடாக எடுத்தாலும் 50 கிராம் வரைதான் எடுக்கலாம். நகைக்கடையில் வாங்கிய காசைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பவும் கூடும். அப்படி அனுப்பினால் கூடுதல் வட்டிக்குத் தனியாரிடம்தான் போக வேண்டும்.

கல் இல்லாத, உள்ளே அரக்கு இல்லாத மோதிரமோ மெல்லிய சங்கிலியோ வாங்குங்கள். அடகில் கல்லுக்கும் செய்கூலிக்கும் மதிப்பில்லை, தங்கத்துக்கு மட்டும்தான். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிப்படி 2.5 லட்சம் வரையான கடனுக்குத் தங்க மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கடன் தருகிறவர்கள் எல்லோரும் இந்த விதிக்கு மாறக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 1. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்ததும் முதலில் வட்டியைக் கட்டுங்கள். அந்த விதியிலேயே இன்னொன்றும் உண்டு: கடனை முழுதாக அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அதனால் அடைத்த அன்றே, தேதி போட்டு, முத்திரை வைத்த ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.