சி.ஆர்.பி. நார்மல் என்றால் நுரையீரல் நார்மலா? கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 22 வருஷமாக வேலை செய்கிறேன். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி, அதாவது உள்ளே வீக்கமோ புண்ணோ, இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். மருந்து, இன்ஹேலர் எல்லாம் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

ராயபுரம்: அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருஷமாகப் பீடி. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சி.ஆர்.பி. 2.4 வந்ததால் "நுரையீரல் சுத்தமாக இருக்கு" என்கிறார். சரியா?

சரியில்லை. முதலில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் என்றால் குறைவு. டெசிலிட்டருக்கு 2.4 என்றால் அது லிட்டருக்கு 24, நன்றாகவே ஏறியிருக்கிறது. ஒரு கூடத்தில் எடுத்த ரிப்போர்ட்டை இன்னொரு கூடத்து ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுவிட்டுப் பயந்து ஓடி வருபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

சரி, குறைவுதான் என்றே வைப்போம். சி.ஆர்.பி.யைச் செய்வது கல்லீரல். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் அங்கிருந்து இன்டர்லூக்கின்-6 என்ற செய்தி போகும், கல்லீரல் இதைச் சுரக்கும். மூச்சுக்குழாயில் இருக்கும் அழற்சி ரத்தம்வரை கசிந்தால்தான் எண் ஏறும். எக்லிப்ஸ் என்ற பெரிய ஆய்வில் சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் நாள்பட்டு அடைபடும் நுரையீரல் நோய்) உள்ளவர்களின் ரத்தத்தில் ஆறு அழற்சிக் குறியீடுகளைப் பார்த்தார்கள். பத்தில் மூன்று பேருக்கு ஒன்றுகூட ஏறவில்லை. நோய் இருந்தது, ரத்தம் சொல்லவில்லை. அப்பாவுக்கு வேண்டியது ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முழு மூச்சில் முதல் ஒரு நொடியில் வெளியேறும் பங்கு 0.70-க்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாய் அடைப்பு உறுதி. இந்த வாரமே நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

திருவொற்றியூர்: எனக்கு சி.ஆர்.பி. 38. சிகரெட் பழக்கம் உண்டு. கேன்சரா?

இந்த எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பல்லில் சீழ், காலில் புண், சாதாரண ஜுரம் எதற்கும் ஏறும். காரணம் போய்விட்டால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆனால் சளியில் ரத்தம், எடை குறைவு, குரல் கம்மல் இருந்தால் மறு பரிசோதனைக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

வியாசர்பாடி: மாமனாருக்கு இ.எஸ்.ஆர். வெறும் 3. ஆனால் உதடு நீலமாக இருக்கிறது, நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. ரிப்போர்ட் தப்பா?

அம்மா, முதல் வேலையாக அவரை இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ரிப்போர்ட் தப்பாக இருக்க வேண்டியதில்லை. இ.எஸ்.ஆர். என்பது குழாயில் நிற்கும் ரத்தத்தில் சிவப்பணு ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்ற கணக்கு. ரத்தசோகை உள்ள பெண்ணின் குழாயில் 60, 70 வரை இறங்கி மேலே மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். பக்கத்துக் குழாயில் பல வருஷம் பீடி பிடித்தவரின் ரத்தம். ஆக்ஸிஜன் போதாததால் உடம்பு சிவப்பணுவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கும், ஹீமோகுளோபின் 18-ஐத் தாண்டியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் மேலே ஓர் அரிசி மணி அகலத்துக்குத்தான் மஞ்சள் தெரியும். நெருக்கத்தில் சிவப்பணுவால் இறங்க முடியவில்லை. உள்ளே அழற்சி இருந்தாலும் எண் சின்னதாகவே வரும். அதனால் இ.எஸ்.ஆரைத் தனியாகப் படிக்காதீர்கள், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

பெரம்பூர்: சி.ஓ.பி.டி. உள்ள அம்மாவுக்கு இயோசினோபில் 5 சதவீதம். பூச்சி மாத்திரை போதுமா?

இயோசினோபில் ஒரு வகை வெள்ளையணு. சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்றுங்கள். மொத்த வெள்ளையணு 8,000 என்றால் 5 சதவீதம் 400. பூச்சியாலும் ஏறும், உண்மைதான். ஆனால் சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு அடிக்கடி நோய் முற்றினால், 300-க்கு மேல் இருக்கும்போது இன்ஹேலரில் இழுக்கும் ஸ்டீராய்டு நன்றாகப் பலன் தரும், 100-க்குக் கீழே பலன் குறைவு. டாக்டர் முடிவெடுக்க உதவும் எண் இது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் எடுத்த ரத்தத்தில் இது விழுந்துவிடும், அதை மறக்காமல் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை: அண்ணனுக்கு சி.ஓ.பி.டி., இருமல் அதிகம், சி.ஆர்.பி. 14. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கலாமா?

வாங்காதீர்கள். 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இப்படி நோய் முற்றிய நேரத்தில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படாது என்ற வழிகாட்டலோடு டாக்டர்கள் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கப்பட்ட நோயாளிகள் ஆன்டிபயாடிக் குறைவாகத்தான் எடுத்தார்கள், குணமாவதில் பின்னடைவு இல்லை. முடிவு டாக்டருடையது. அப்புறம், அலகைப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை: சி.ஆர்.பி. 6 நார்மலா?

அலகு? முதல் பதிலைப் படியுங்கள்.

எர்ணாவூர்: எல்லாப் பழியையும் பீடி மேலேயே போடுகிறீர்கள். எண்ணூர், மணலி ஆலைப் புகையை யார் கேட்பது?

நானும்தான் கேட்கிறேன். ராயபுரத்தில் துணி காயப்போட்டவர்களுக்குக் கரித்தூள் தெரியும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. காற்று மாசு நுரையீரலைக் கெடுக்கும், விறகுப் புகையும் கெடுக்கும். ஆனால் அதே காற்றில் நின்று என் அப்பா ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடியும் பிடித்தார். காற்றை மாற்ற அவரால் முடியவில்லை. பீடியை விட முடிந்திருக்கும்.

எர்ணாவூர், மறுபடியும்: ரத்தத்தில் எந்தப் புகை என்று தெரியாதா? தெரிந்தால் கேஸ் போடலாமே.

சி.ஆர்.பி., ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன், வெள்ளையணு எதுவும் எந்தப் புகை என்று சொல்லாது. கோட்டினின் பரிசோதனை கடந்த சில நாட்களில் புகையிலை உள்ளே போனதா என்று மட்டும் சொல்லும். உங்கள் கோபம் நியாயமானது, அதைக் காற்றின் அளவீடுகளை வைத்துப் பேசுங்கள்.

காசிமேடு: பீடியை விட்டால் மட்டும் எண் இறங்குமா?

வெள்ளையணு இறங்கும், ஃபைப்ரினோஜனும் குறையும். மூச்சுக்குழாய் அழற்சி வருஷக்கணக்கில் மிச்சமிருக்கலாம். ஆனால் நுரையீரல் தேயும் வேகம் குறையும், அதுதான் பெரிய லாபம். என் அப்பாவிடம் இதைச் சொல்லச் சொல்ல அவர் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள் அண்ணே.

மூலக்கொத்தளம்: சி.ஆர்.பி. 11, நார்மலா?

அலகு.

புதுவண்ணாரப்பேட்டை: வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

சி.ஆர்.பி.க்கும் இ.எஸ்.ஆருக்கும் வேண்டாம். தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், நரம்பு சுலபமாகக் கிடைக்கும்.